நச்சுப் பாம்புகளைப் பதிய ஐநேச்சுரலிஸ்ட்: மூன்று மழைக்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பாம்பைக் கண்டதும் தடியைத் தேடுகிற ஊரில், கைப்பேசியைத் தேடுகிறவனைச் சற்று விசித்திரமாகத்தான் பார்ப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் எங்கள் ஊரில் அந்தப் பார்வைக்குப் பழகி எனக்கு மூன்று மழைக்காலங்கள் ஆகிவிட்டன. வரப்பில் கண்ணில் படுபவை, தார்ச்சாலையில் வண்டி ஏறி நசுங்கிக் கிடப்பவை, வைக்கோற்போரின் அடியில் கிடக்கும் பாம்புச் சட்டைகள் என எது கிடைத்தாலும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிந்து வருகிறேன். பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் தேடி அலைபவர்கள் இந்தச் செயலியை ஏற்கெனவே நிறையப் புகழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. நச்சுப் பாம்புகள் எங்கே, எப்போது நடமாடுகின்றன என்று அறியவும், அந்த அறிவு பாம்புக்கடி மரணங்களைக் குறைக்கவும் இது எவ்வளவு தூரம் உதவும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இதை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஓர் அறிமுகம். 2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்கள் சிலரின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கிய இது, பின்னர் கலிஃபோர்னியா அறிவியல் அகாடமியோடு இணைந்து வளர்ந்து, 2023இல் தனித்த, இலாப நோக்கமற்ற அமைப்பாகப் பிரிந்தது. கட்டணம் கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது. நீங்கள் கண்ட உயிரினத்தின் படத்தை, கண்ட நாளோடும் இடத்தோடும் சேர்த்து ஏற்றினால், செயலி தன் கணிப்பாகச் சில பெயர்களைக் காட்டும். அதன்பின் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பார்த்துத் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். குறைந்தது இருவர் அடையாளம் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் ஓர் இனத்தின் பெயரில் ஒத்துப்போனால், அந்தப் பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். நீங்கள் தரும் உரிமம் இடம் கொடுத்தால், அது ஜிபிஐஎஃப் எனப்படும் உலகளாவிய பல்லுயிர்த் தரவுக் களஞ்சியத்துக்கும் போய்ச் சேரும். எங்கள் ஊர்க் களத்துமேட்டில் எடுத்த ஒரு படத்தை எங்கோ இருக்கும் ஓர் ஆய்வாளர் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடிவது இப்படித்தான்.

பதிவது எளிது, ஒழுங்காகப் பதிவதற்குத்தான் பழக்கம் வேண்டும். பாம்பின் அருகே போகாமல், அது தன் நீளத்தைப் போல் பல மடங்கு தள்ளியிருக்கும்போதே கைப்பேசியின் பெரிதாக்கும் வசதியைக் கொண்டு எடுத்த மங்கலான படம்கூடப் போதும். அழகான படத்துக்காக ஓரடி முன்னால் வைப்பவர் இந்த வேலைக்கே ஆகாதவர். எனக்கு வந்த பெரிய சிக்கல் வேறு. நான் இப்படிப் பதிகிறேன் என்று தெரிந்தபின் ஊர்ப்பிள்ளைகள் வாட்ஸப்பில் படம் அனுப்பத் தொடங்கினார்கள். "மாமா, கெணத்துமேட்டுல ஒண்ணு கெடக்கு, சுருட்டையா பூனைப்பாம்பான்னு தெரியல" என்ற குரல்பதிவோடு ஒரு படம் வரும். வாட்ஸப் வழியாக வரும் படத்தில், எடுத்த இடத்தைப் பற்றிய குறிப்பு உதிர்ந்துபோய்விடும். நாளும் நாம் அதைப் பெற்றுக்கொண்ட நாளாக மாறிவிடக்கூடும். கவனிக்காமல் ஏற்றினால், கிணற்றுமேட்டில் கிடந்த சுருட்டை விரியன் வரைபடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ஆகவே பிள்ளையைத் தொலைபேசியில் பிடித்து, எந்தக் கிணறு, எத்தனை மணி, யார் பார்த்தது என்று கேட்டுக் கையால் குறித்த பிறகே ஏற்றுகிறேன். இணையத் தொடர்பு இல்லாத வயலிலும் பதிந்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபின் ஏற்றலாம் என்பது கிராமத்துக்கு மிகவும் ஏற்ற வசதி.

உயிருள்ள பாம்பு மட்டும்தான் என்றில்லை. செத்துக் கிடப்பதையும் உரிந்த சட்டையையும் பதியலாம். அவை இன்னவை என்று குறிக்கத் தனி வசதியே இருக்கிறது. அடித்துக் கொன்ற பாம்பைப் பதிவதில் தொடக்கத்தில் எனக்குத் தயக்கம் இருந்தது. அதைப் பதியாவிட்டால் அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் வராமல் போகும் என்று தோன்றியபின் பதிந்துவிடுகிறேன். ஆனால், பிடித்து வேறிடத்தில் விடப்பட்ட பாம்பைப் பதியும்போது, விட்ட இடத்தை எழுதாமல் பிடிபட்ட இடத்தையே எழுத வேண்டும். படம் பெரும்பாலும் காட்டில் விடும்போதுதான் எடுக்கப்படுகிறது என்பதால், வீட்டுக் குளியலறையில் பிடிபட்ட நல்ல பாம்பு காப்புக்காட்டுப் பாம்பாகப் பதிவாகிவிடும். பொதுச் சுகாதாரத்துக்கு வேண்டியது அந்தக் குளியலறைதான்.

இனி அடையாளம் காணும் திறன். இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பங்கு நான்கு இனங்களின் பெயரில் எழுதப்படுகிறது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் மருத்துவமனைகளில் தரப்படும் நச்சுமுறி மருந்து இந்த நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டது. இந்த நான்கு ஒவ்வொன்றுக்கும் உருவத்தில் ஏமாற்றும், மனிதருக்கு ஆபத்தில்லாத ஓர் உறவு ஊரில் உண்டு. நல்ல பாம்பு படம் எடுக்காதபோது சாரையோடு குழம்பும்; கண்ணாடி விரியன் மண்ணுளியோடும் மலைப்பாம்புக் குட்டியோடும் குழம்பும்; சுருட்டைக்குப் பூனைப்பாம்பு, கட்டுவிரியனுக்கு ஓநாய்ப் பாம்பு. கடைசி இணைதான் மிகவும் பொல்லாதது. கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டைகள் கழுத்தை விட்டுச் சற்றுத் தள்ளித் தொடங்கி வாலை நோக்கித் தெளிவாகும். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். இரவில் கைவிளக்கு ஒளியில், சுருண்டு கிடக்கும் குட்டியில் இந்த வேறுபாட்டைக் காண்பது மனிதக் கண்ணுக்கே கடினம். படத்தில் வாலும் கழுத்தும் தெரியாதபோது எந்த இயந்திரக் கண்ணுக்கும் கடினம்தான்.

இங்கே ஐநேச்சுரலிஸ்டின் அமைப்பை நான் பாராட்டுகிறேன். 2017 முதல் அதில் இருக்கும் இயந்திரக் கணிப்பு, ஒரே பெயரை அடித்துச் சொல்லாமல், பொருந்தக்கூடிய பல பெயர்களை வரிசையாக, அந்த வட்டாரத்தில் காணப்படக்கூடியவை எவை என்ற குறிப்போடு காட்டுகிறது. முடிவை மனிதர்களிடம் விடுகிறது. ஐயம் இருந்தால் பேரினம் அல்லது குடும்பம் என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம். தெரிந்தவர் வந்து தெளிவாக்கும்வரை பதிவு காத்திருக்கும். இதற்கு நேர்மாறாக, நான் இங்கே பெயர் குறிப்பிட விரும்பாத வேறொரு செயலியை ஒரு சமயம் சோதித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அடிபட்டுக் கிடந்த பாம்பின் படத்தைக் கொடுத்ததும், பச்சை நிறக் குறியோடு 'நஞ்சற்றது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அது கட்டுவிரியன் குட்டி. முதுகின் நடுவே அறுகோணச் செதில்கள் வரிசையாக இருந்ததைப் பின்னர் உறுதிப்படுத்திக்கொண்டேன். அந்தப் பச்சைக் குறியை நம்பி ஒருவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருந்தது. அன்றே அதைக் கைப்பேசியிலிருந்து நீக்கினேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கடிபட்ட நேரத்தில் எந்தச் செயலியையும் திறக்க வேண்டியதில்லை, ஐநேச்சுரலிஸ்ட் உட்பட. அது அவசர உதவிக்காகச் செய்யப்பட்ட கருவியும் இல்லை. அதில் பதில் வர நிமிடங்களும் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். நம் நாட்டில் நச்சுமுறி மருந்து நான்கு இனங்களுக்கும் பொதுவான ஒரே மருந்து என்பதால், எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தான் ஊசி போட முடியும் என்ற நிலை இல்லை. மருத்துவர் பார்ப்பது அறிகுறிகளை: இமை தொங்குகிறதா, மூச்சுத் திணறுகிறதா, கடிவாய் வீங்குகிறதா, சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்பவற்றை. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இல்லாமலேயே போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்குக் கண் இமை விழத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரியவரும். பாம்பைத் துரத்திப் படமெடுக்கச் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் நச்சுமுறிக்கும் நோயாளிக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டுகிறது. 108ஐ அழைப்பதும், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைப்பதும், கீறாமல், இறுக்கிக் கட்டாமல் கொண்டு போவதும்தான் அப்போதைய வேலை. எங்கள் பிள்ளைகளிடம் இந்த ஒன்றை மட்டும் நான் மிரட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்படியானால் பொதுச் சுகாதாரத்துக்கு இதனால் என்ன பயன்? பயன் படத்தில் இல்லை, படங்கள் சேர்ந்து உருவாகும் வரைபடத்தில் இருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அந்த மரணங்களில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நேர்ந்தவை. எந்தச் சுகாதார நிலையத்தில் எந்த மாதத்தில் எத்தனை குப்பி நச்சுமுறி இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவருக்கு, எந்தப் பாம்பு எங்கே, எப்போது அதிகம் நடமாடுகிறது என்ற வரைபடம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் எங்கள் பகுதியின் காலக்கணக்கு வடஇந்தியாவின் காலக்கணக்கோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறுகிறது. நச்சுமுறி தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஆகவே நாடு முழுவதற்குமான மருந்து, தமிழ்நாட்டுப் பாம்புகளின் நஞ்சை அளவுகோலாகக் கொண்டது என்று சொன்னால் பெரிதாகத் தவறாகாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகர் குழுவினர் 2025இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டின் 34 இடங்களிலிருந்து 115 கண்ணாடி விரியன்களின் நஞ்சைச் சேகரித்து, வெப்பமும் மழையும் அந்த நஞ்சின் தன்மையோடு எப்படித் தொடர்புகொள்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். தட்பவெப்பத்தைக் கொண்டு நஞ்சின் தன்மையை முன்கூட்டியே ஊகிக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு அருகே, அந்தப் பாம்பு உண்மையில் எந்தெந்த ஊர்களில் இருக்கிறது என்ற தரவும் வைக்கப்பட வேண்டும். எல்லா ஊர்களுக்கும் ஆய்வாளர்கள் போக முடியாது. கைப்பேசியோடு ஊரில் இருப்பவரால் முடியும். கேரளத்தில் ஹிப்னாலே என்ற, மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த குழிவிரியனின் கடி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும், நம் நச்சுமுறி அதற்குப் பயன்படுவதில்லை என்பதும் மருத்துவ உலகில் தாமதமாகவே பதிவாயின. நான்கைத் தாண்டிய பாம்பு எங்கெங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் இத்தகைய பொதுமக்கள் பதிவுகள் கைகொடுக்கும்.

இவ்வளவு சொன்னபின் குறையைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். இந்த வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் உண்மையில் இரண்டு உயிர்களின் பதிவு: ஒன்று பாம்பு, இன்னொன்று கைப்பேசியோடு அங்கே நின்ற மனிதர். கல்லூரி வளாகங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் மலைவாசத் தலங்களிலும் புள்ளிகள் மொய்ப்பதற்குப் பாம்புகள் அங்கே மாநாடு கூட்டுவது காரணமில்லை. படம் எடுக்கத் தெரிந்தவர்கள் அங்கே போகிறார்கள் என்பதே காரணம். பாம்புக்கடியால் சாகிறவர்கள் பெரும்பாலும் நாட்டுப்புற ஏழைகள். நாற்று நடும் பெண் மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு குனிவதில்லை. மண்தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடிப்பது நள்ளிரவு இருட்டில். ஆகவே வரைபடத்தில் வெற்றாக இருக்கும் இடத்தைப் பாம்பு இல்லாத இடம் என்று படித்தால் பெரும்பிழையாகிவிடும். பல சமயம் அது கேமரா இல்லாத இடம் மட்டுமே. மாதவாரியாகக் காட்டப்படும் வரைபடங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: விடுமுறை நாளில் பதிவு கூடுவதைப் பாம்பின் பருவம் என்று எண்ணிவிடக் கூடாது. புள்ளியியல் அறிந்தவர்கள் இதைச் சரிக்கட்டும் முறைகளை வைத்திருக்கிறார்கள் என்றாலும், இல்லாத தரவை எந்த முறையும் உருவாக்கித் தந்துவிடாது.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் கடியைத் தெரிவித்தாக வேண்டும். அதே ஆண்டு மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசியச் செயல்திட்டம், 2030க்குள் மரணங்களைப் பாதியாக்குவதை இலக்காக வைத்தது. கடி நேர்ந்த ஊர்களின் பட்டியல் மருத்துவத் துறையிடம் சேரும். பாம்பு காணப்பட்ட ஊர்களின் பட்டியல் இந்தச் செயலியில் சேரும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத ஊர்கள்தான் முதலில் கவனிக்க வேண்டியவை என்பது என் கருத்து. கடி இருந்தும் படம் இல்லாத ஊருக்கு யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

இடமறைப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆபத்தில் உள்ள இனங்களுக்குச் செயலியே துல்லியமான இடத்தை மறைத்து, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அகல நீளம் கொண்ட ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியை மட்டும் காட்டும். மற்ற இனங்களுக்கும் நாமே விரும்பினால் மறைக்கலாம். பாம்பின் நலனுக்கு இது நல்லது. தோலுக்கும் நஞ்சுக்கும் வேட்டையாடுபவர்களுக்கு வழிகாட்டி வைக்கத் தேவையில்லை. ஆனால் 22 கிலோமீட்டர் என்பது எங்கள் பகுதியில் பல ஊராட்சிகளைத் தாண்டும் தூரம். சுகாதாரத் திட்டத்துக்கு அது பயன்படாது. நான் கடைப்பிடிக்கும் வழி இது: வயல், சாலை, கண்மாய்க்கரை ஆகியவற்றைத் திறந்தே வைக்கிறேன், ஒருவர் வீட்டுக்குள் பிடிபட்டதை மறைத்து வைக்கிறேன். ஒரு வீட்டின் கதவு எண்ணை உலகத்துக்குக் காட்டும் உரிமை எனக்கில்லை.

கேரள வனத்துறை 2020இல் கொண்டுவந்த சர்ப்பா செயலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டின் எல்லையையும் விளங்க வைக்கும். அது மீட்புக்கானது: பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால், பயிற்சியும் சான்றும் பெற்ற மீட்பரை அருகிலேயே கண்டுபிடிக்க உதவுகிறது, அதன் வழியாகவே பாம்பு பிடிபட்ட இடம் பற்றிய தரவும் துறைக்குச் சேர்கிறது. வீட்டுக்குள் வந்த பாம்பின் பதிவு மிகுதியாகக் கிடைப்பது அதன் பலம். பொதுமக்கள் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய திறந்த தரவு என்பது ஐநேச்சுரலிஸ்டின் பலம். ஒன்று இருக்கிறது என்பதால் மற்றொன்று வேண்டாம் என்றாகிவிடாது.

சிறு குறிப்புகள். பெற்றோர் அனுமதியின்றித் தாமாகக் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும். இளைய பிள்ளைகளுக்கு அதே குழுவின் சீக் என்ற செயலி உண்டு, ஆனால் பாம்பு விஷயத்தில் அதையும் பெரியவர் துணையின்றிக் கொடுக்காதீர்கள். தமிழ்ப் பெயர்களைச் சேர்க்கும் வசதி இருந்தாலும், நம் பெயர்களே ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன: எட்டடி விரியன் என்றும் எண்ணெய் விரியன் என்றும் யார் எதைச் சொல்கிறார் என்பது அவரவர் ஊரைப் பொறுத்தது. கடித்தபின் மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்று நாம் கதை கட்டிய கொம்பேறி மூக்கன், மனிதருக்குத் தீங்கு செய்யாத பாம்பு என்பதை அந்தப் பக்கத்தில் படங்களோடு பார்க்கும் பிள்ளைகளின் முகம் எனக்குப் பிடிக்கும். மொத்தத்தில் பாம்பு வரைபடத்துக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். அவசரத்தில் பாம்பின் பெயர் தெரிந்துகொள்ளும் கருவி என்று நினைத்துத் தரவிறக்குபவருக்குச் சுழியம்.

சென்ற ஐப்பசியில் எங்கள் நெல்மூட்டை அறையின் மூலையில் ஒரு சட்டை கிடந்தது. நடுமுதுகில் பெரிய அறுகோணச் செதில்களின் வரிசை தெரிய, அளவுகோலை அருகே வைத்துப் படமெடுத்து ஏற்றினேன். நான்காம் நாள் முகம் தெரியாத ஒருவர் கட்டுவிரியன் என்று குறித்து, அந்தச் செதில்களையே காரணமாக எழுதியிருந்தார். மறுவாரம் இன்னொருவர் ஒத்துக்கொண்டார். அதற்குள் அந்த அறைக்கு அடுத்த கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த மூவருக்கும் கயிற்றுக்கட்டில் வந்துவிட்டது. கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் அம்மா விளக்கை அணைக்கிறார்.